கட்டியின் அக்கம்பக்கம்

ஒரு மனிதன் இன்னும் எவ்வளவு காலம் இந்தப் பூமியில் நடமாடுவான் என்பதைத் தெரிந்துகொள்ள அவனைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அவனுடைய கட்டிக்கு அண்டை அயலில் யார் குடியிருக்கிறார்கள் என்று விசாரித்தாலே போதும். இதை யாரும் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ஆராய்ச்சிக் கூட்டத்தில், மேடையேறி, தொண்டையைச் செருமி, ஒரு தடவைகூடச் சிரிக்காமல் சொல்லப்பட்டது. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் விழித்திருந்தார்கள் என்பதால் சாட்சியும் உண்டு.

சொன்னவனுக்குப் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. லேபில் அது யாருக்கும் ஞாபகமில்லை. கண்ணில் படும் எல்லாவற்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவான் என்பதால் 'ஸ்கோர்' என்றே கூப்பிட்டார்கள். கேன்டீன் டீக்கு நாலு. ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கைடு அணிந்துவந்த புதுச் சட்டைக்கு மூன்று. தனக்கு ஒன்பது, தற்பெருமை கூடாது என்பதால் ஒன்று குறைத்துக்கொண்டான்.

அவனுடைய ஆராய்ச்சி கணையப் புற்றுநோய் பற்றியது. கணையம் என்பது வயிற்றுக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடக்கிற உறுப்பு. வீட்டுக்கு ஒருத்தர் இருப்பாரே, நல்லது கெட்டது எது நடந்தாலும் வாயே திறக்காமல், கடைசியில் ஒரே நாளில் எல்லாரையும் கதிகலங்க வைப்பவர், அந்த ரகம். அங்கே ஒரு கட்டி வந்தால் அதில் புற்றுச் செல்கள் கொஞ்சம்தான். மீதியெல்லாம் அக்கம்பக்கம். கட்டியைச் சுற்றி நார் நாராகச் சுவர் எழுப்புகிற செல்கள். அடித்து விரட்டச் சொல்லி உடம்பு அனுப்பிவைத்த காவல் செல்கள். காவலுக்கென்று வந்துவிட்டுக் கட்சி மாறி, எதிரிக்கே எடுபிடி வேலை பார்க்கிற செல்கள்.

கட்டியிலிருந்து மெல்லிசாகச் சீவிய ஒரு துண்டை எடுத்து, ஒவ்வொரு வகைச் செல்லுக்கும் ஒரு நிறத்தில் சாயம் ஏற்றி, யார் யாருக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று கம்ப்யூட்டரை எண்ணச் சொல்லி, கடைசியில் பத்துக்கு இத்தனை என்று ஒரு மார்க் போட்டான் ஸ்கோர். காவல் செல்கள் புற்றுச் செல்லின் வாசல்வரை போய்ச் சட்டையைப் பிடித்திருந்தால் மார்க் ஏறும். சுவருக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தால் இறங்கும். மார்க் ஏறியவர்கள் நெடுநாள் இருந்தார்கள், இறங்கியவர்கள் இருக்கவில்லை. கிராஃபில் இரண்டு கோடுகள் அழகாகப் பிரிந்து போயின. ஸ்கோர் அதை அச்செடுத்துத் தன் கட்டிலுக்கு நேரெதிரே ஒட்டி வைத்திருந்தான்.

இப்படிப்பட்டவனுக்கு டாக்டரம்மாவைப் பிடிக்காமல் போனதில் ஆச்சரியம் இல்லை. கணைய அறுவைக்கு அந்த ஆஸ்பத்திரியில் இருந்த ஒரே சர்ஜன் அவர். ஆறு மணி நேரம் நின்றபடி அறுத்துத் தைத்துவிட்டு, கைகழுவிய ஈரம் காயுமுன் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போவார். "எவ்வளவு நாள் டாக்டர்?" என்று யாராவது கேட்டால் போதும். கட்டிலுக்கு அடியிலிருந்து ஸ்டூலை இழுப்பார். உட்கார்ந்து, நோயாளியின் முகத்துக்கு நேராகக் குனிவார்.

"நாளைக்கு என்ன வேலை வச்சிருக்கீங்க?"

நோயாளி திருதிருவென விழிப்பார். பிறகு, பேத்திக்குக் கணக்கு சொல்லித் தரணும் என்பார், இல்லை, தம்பி வருவான், பேசித் தீர்க்க வேண்டிய சண்டை ஒன்று பாக்கி என்பார். டாக்டரம்மா அதைப் பற்றியே கொஞ்ச நேரம் பேசிவிட்டு எழுந்து போய்விடுவார். இதை வார்டு ரவுண்டில் பார்த்த ஸ்கோர், கேன்டீனில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து நடித்தே காட்டுவான். குரலைக்கூட அப்படியே கொண்டுவருவான்.

"முப்பது வருஷ அனுபவம், தங்க மெடல் ரெண்டு. கேட்ட கேள்விக்குப் பதில் தெரியல. ரயில் எப்ப வரும்னு கேட்டா, 'உங்க பெட்டியில என்ன இருக்கு'ன்னு கேக்குற மாதிரி இல்ல? பத்துக்கு ஒண்ணு. அதுவும் ஸ்டூலுக்கு."

மேஜையைச் சுற்றி எல்லாரும் சிரிப்பார்கள். சாயம் ஏற்றும் பிரிவில் வேலை பார்த்த அக்கா மட்டும் சிரிக்க மாட்டாள். பழுப்பு ஏறிய விரல்களால் அவன் தோளைத் தட்டி, "எந்திரிடா. அது தரை தொடைக்கிற வாளி" என்பாள்.

இந்த நிலவரத்தில்தான் ஸ்கோருடைய சித்தப்பாவுக்கு உடம்பெல்லாம் அரிக்க ஆரம்பித்தது.

சித்தப்பா டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். இரண்டு கார், ஒரு மேஜை, சுவரில் போக்குவரத்துச் சின்னங்களின் படம். அரிப்புக்குக் காரணம் சோப்பு என்று அவர் சொல்ல, சித்தி சோப்பை மாற்றிப் பார்த்தாள். சோப்புத்தூளை மாற்றிப் பார்த்தாள். ஒரு நாள் காலையில் அவர் சவரம் செய்துகொண்டிருந்தபோது கண்ணாடியில் எட்டிப் பார்த்து, "என்னங்க, உங்க கண்ணு சிக்னல்ல மஞ்ச விழுந்த மாதிரி இருக்கு" என்றாள்.

"அப்ப மெதுவாப் போவோம்" என்றார் சித்தப்பா.

மெதுவாகப் போக முடியவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். கணையத்தின் தலைப்பக்கத்தில் கட்டி. இன்னும் பரவவில்லை, எடுத்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. கெட்டதிலும் கொஞ்சம் நல்லது. எடுத்தும் விட்டார்.

பார்க்கப் போன ஸ்கோருக்கு வார்டு வாசலிலேயே ராஜமரியாதை. ஆராய்ச்சிக்குக் கட்டியைக் கொடுப்பதற்கான சம்மதப் படிவம் தன் அண்ணன் பையனுடைய ஆராய்ச்சிக்குத்தான் என்று தெரிந்த நிமிஷத்திலிருந்து, சித்தப்பா படுத்த படுக்கையாகவே ஆள் பிடிக்க ஆரம்பித்திருந்தார். "எங்க பையன்தான் சார். கட்டியைப் பார்த்துக் காலத்தைச் சொல்லிடுவான். தயங்காமப் போடுங்க கையெழுத்தை." எதிர்க் கட்டில்காரர் கிட்னியில் கல்லுக்காக வந்தவர். அவரும் போட்டுக் கொடுத்திருந்தார்.

முடிவு நோயாளிக்குத் தெரிவிக்கப்பட மாட்டாது என்று அந்தப் படிவத்திலேயே தடித்த எழுத்தில் இருந்தது. சித்தப்பா அதைப் படிக்கவில்லை. வாழ்நாள் முழுக்க, "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்று படிவத்தில் விரல் வைத்து அடுத்தவர்களிடம் கையெழுத்து வாங்கியவருக்கு, அதைப் படிக்க வேண்டும் என்று என்ன தலையெழுத்து?

"என்னடா, என் கட்டி உன் கைக்கு வந்துச்சா?"

"வந்துடும் சித்தப்பா. பேர் இருக்காது, வெறும் நம்பர்தான் இருக்கும். ஆனா இந்த வாரம் கணைய ஆபரேஷன் உங்களோடது மட்டும்தான். அதனால எனக்குத் தெரிஞ்சிடும்."

"தெரிஞ்சா சொல்லிடுவியா?"

"நேரா சொல்லிடுவேன். நான் என்ன டாக்டரம்மாவா?"

"அதை ஏன் கேக்குறே. நானும் கேட்டேன்டா. நாளைக்கு என்ன வேலைன்னு திருப்பிக் கேட்டாங்க. வயித்துல இத்தனை தையலோட எனக்கு என்ன வேலை இருக்கும்? ஃபேனைப் பாக்கணும்னேன். நல்லாப் பாருங்கன்னுட்டுப் போயிட்டாங்க."

"அதான். பதில் தெரியலேன்னா இப்படித்தான் பேசுவாங்க."

சித்தப்பா குரலைத் தாழ்த்தினார். வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மற்ற கையால் அவனை அருகே இழுத்தார்.

"எனக்குச் சும்மா தெரிஞ்சுக்கணும்னு இல்லடா. உங்க சித்தி வண்டி ஓட்டணும்ங்கிறா."

ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்தவர், மனைவிக்கு மட்டும் கொடுக்கவில்லை. புது மாணவர் காரில் ஏறிக் கதவைச் சாத்துகிற விதத்தை வைத்தே இவருக்கு வண்டி வருமா வராதா என்று சொல்லிவிட முடியும் என்பது அவருடைய பெருமை. கல்யாணமான புதிதில் சித்தி ஆசையாகக் கேட்டபோது அவளையும் கதவைச் சாத்தச் சொல்லிப் பார்த்தார். "உனக்கு வராதும்மா" என்றார். அன்றிலிருந்து ஸ்கூல் ஓனரின் மனைவி பஸ்ஸில் போய் வந்தாள்.

"நான் பாட்டுக்குப் போயிட்டா ரெண்டு வண்டியும் துருப்பிடிச்சு நிக்கும். அவளுக்கு ஓட்டத் தெரிஞ்சாத்தான் வேற வாத்தியாரை வச்சாவது ஸ்கூலை நடத்த முடியும். இல்லேன்னா வர்றவன் போறவன் எல்லாம் ஏமாத்துவான். நியாயம்தானே? ஆனா ஒண்ணு. மத்தவங்களுக்கு ஒரு மாசம் போதும். உங்க சித்திக்கு ஒரு வருஷமாவது வேணும்."

"காது கேக்குது" என்றாள் சித்தி, கட்டிலின் மறுபக்கத்தில் பழம் நறுக்கியபடி.

"கேக்கட்டும். விஷயம் என்னன்னா, முறையா சொல்லித் தரணும்னா கிளட்ச்லேர்ந்து ஆரம்பிக்கணும். பொறுமையா, ஒவ்வொண்ணா. அதுக்கு நேரமில்லேன்னா, கியரை மட்டும் காட்டிட்டு நேரா ரோட்டுல இறக்கி விட்டுடணும். ரெண்டுல எதுன்னு தெரியாம சாவியை எடுக்க மாட்டேன். பாதியில நிறுத்தினா ஒண்ணும் தெரியாதவளை விட மோசம், ஆக்சிடென்ட் பண்ணிடுவா. அதனால நீ உன் ஸ்கோரைக் கேட்டுச் சொல்லு."

"இத்தனை வருஷமா சாவியைத் தொட விடல. இப்ப ஸ்கோர் வந்தாத்தான் தொடணுமாம்" என்றாள் சித்தி. கத்தி கொஞ்சம் வேகமாகவே இறங்கியது.

"சொல்லிடுறேன் சித்தப்பா. இது என்ன பிரமாதம்" என்றான் ஸ்கோர்.

லேபுக்கு வரும் கட்டியைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, ஒவ்வொன்றையும் ஒரு மெழுகு வில்லையில் பதித்து வைப்பார்கள். ஒரே கட்டிக்கு ஐந்தாறு வில்லை தேறும். அவற்றில் எது லட்சணமாக இருக்கிறதோ அதை மட்டும் எடுத்துச் சீவி, சாயமேற்றி, மார்க் போடுவது ஸ்கோருடைய வழக்கம். எல்லா வில்லையையும் பார்க்கப் போனால் படிப்பு முடிய இன்னும் நாலு வருஷம் ஆகும் அல்லவா? ஆய்வேட்டில் இதற்கு 'பிரதிநிதித்துவ மாதிரித் தேர்வு' என்று பெயர் கொடுத்திருந்தான். பெயர் நீளமாக இருந்ததால் யாரும் கேள்வி கேட்கவில்லை.

சித்தப்பாவின் கட்டியிலும் லட்சணமான ஒன்றை எடுத்தான். கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் யோசித்தது. திரையில் விழுந்தது இரண்டு.

பத்துக்கு இரண்டு.

ஸ்கோர் இதற்கு முன் எத்தனையோ இரண்டுகளைப் பார்த்தவன். பஸ் கண்டக்டர் மிச்சச் சில்லறை கொடுப்பதுபோல அடுத்தது, அடுத்தது என்று போய்க்கொண்டே இருந்தவன். இப்போது கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மறுபடி போட்டான். இரண்டு அங்கேயேதான் இருந்தது. எழுந்து சாயப் பிரிவுக்குப் போனான்.

"அக்கா, சாயம் சரியா ஏறல."

"எது?"

"காவல் செல்லுக்குப் போடுற பழுப்பு. மங்கலா இருக்கு."

அக்கா அவன் கொண்டுவந்த கண்ணாடி ஸ்லைடை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "நேத்து முழுக்க இதே பாட்டில்தான். இதே பழுப்புதான். நேத்து எடுத்த பழைய சாம்பிள்ல ஒருத்தருக்கு ஒண்ணரை வந்துச்சே, அப்ப நீ என்ன பண்ணினே தெரியுமா? 'அருமை, கிராஃப்ல அப்படியே போய் உக்காருது'ன்னு கை தட்டினே."

கை தட்டியது உண்மைதான்.

"இது யாரோடது?"

"சும்மா ஒருத்தரோடது."

"சும்மா ஒருத்தருக்கு உனக்கு ஏன்டா இப்படி வேர்க்குது?"

சொன்னான். அக்கா இழுப்பறையைத் திறந்து, அதே நம்பரில் இருந்த இன்னொரு மெழுகு வில்லையை எடுத்துக்கொண்டு சீவும் மெஷினுக்குப் போனாள்.

மறுநாள் இரண்டாவது ஸ்லைடு. எட்டு.

ஸ்கோர் நாற்காலியோடு ஒரு சுற்று சுற்றினான். "நான்தான் அப்பவே சொன்னேனே அக்கா, சாயக் கோளாறுன்னு!"

"அதே பாட்டில்டா."

"அப்ப..."

"வில்லைதான் வேற. நீயே பாரு."

இரண்டு ஸ்லைடையும் அடுத்தடுத்து வைத்துக் குனிந்து பார்த்தான். முதலாவதில் சுவர் கனத்துக் கிடந்தது. காவல் செல்கள் வெளியே கும்பலாக நின்று, கூட்டத்தில் எட்டிப் பார்க்கிறவர்கள்போலக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தன. இரண்டாவதில் அதே காவல் செல்கள் சுவரில் ஓட்டை போட்டு உள்ளே புகுந்து, புற்றுச் செல்களின் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தன. ஒரே கட்டி. இரண்டு முனைக்கும் நடுவே ஒரு கட்டைவிரல் அகலம்கூட இருக்காது. இந்தத் தெருவில் கலவரம், அடுத்த தெருவில் கல்யாணம்.

"இன்னொண்ணு போடலாமா அக்கா?"

"ஏன்? எட்டு பிடிக்கலையா?"

"பிடிக்குது. அதான் பயமா இருக்கு."

அக்கா இடுப்பில் கை வைத்தாள். "ரிப்போர்ட்டைத் தூக்கிக்கிட்டு டாக்டர் டாக்டரா அலையுறவங்களைப் பத்தி நீ என்ன சொல்லுவே?"

"அது வேற."

"எப்படி வேற?"

"அவங்கெல்லாம் சயின்டிஸ்ட் இல்ல."

"ஓ" என்றாள் அக்கா. மூன்றாவது வில்லையை எடுத்தாள்.

மூன்றாவது ஐந்து.

மூன்றையும் கூட்டிச் சராசரி பார்த்தான். அதுவும் ஐந்து. ஐந்து என்றால் நோயாளிகளை இரண்டாகப் பிரிக்க அவன் கிழித்திருந்த நடுக்கோடு, கச்சிதமாக. கோட்டுக்கு மேலே உள்ளவர்கள் ஒரு கோஷ்டி, கீழே உள்ளவர்கள் ஒரு கோஷ்டி. கோட்டின் மேலேயே காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருப்பவரை எந்தக் கோஷ்டியில் சேர்ப்பது என்று ஆய்வேட்டில் ஒரு வரிகூட இல்லை.

கைடிடம் போனான். கைடு பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரே பேஷன்ட்டுக்கு மூணு விதமா மார்க் வருது சார். ரெண்டு, எட்டு, அஞ்சு."

"ஒட்டாததை எடுத்துடு."

"எது சார் ஒட்டாதது?"

"பேப்பருக்கு எது இடைஞ்சலோ அது."

"இது பேப்பருக்கு இல்ல சார். எங்க சித்தப்பாவுக்கு."

கைடு பிஸ்கட்டைப் பாதியில் நிறுத்தினார். சித்தப்பாக்களைப் பற்றி அவருக்கு எந்த வழிமுறையும் கைவசம் இல்லை. "கடைசி அத்தியாயத்துல பாரு. அங்க ஏதோ எழுதியிருக்கோம்ல" என்றார்.

போய்ப் பார்த்தான். அவனே எழுதியதுதான். 'இந்த மதிப்பெண் நோயாளிக் குழுக்களுக்கு மட்டுமே பொருந்தும். தனியொரு நோயாளியின் எதிர்காலத்தைக் கூற இதைப் பயன்படுத்தலாகாது.' பணிவாக நாலு வரி இருந்தால் ஆய்வேட்டை மதிப்பிடுபவர்களுக்குப் பிடிக்கும் என்று கைடு சொன்னதால், கூட்டத்துக்கு முந்தின நாள் அவசர அவசரமாகச் சேர்த்தது. எழுதும்போது பணிவு என்றுதான் நினைத்தான். அது உண்மை என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

திரும்பி வருகிற வழியில் இழுப்பறையைத் திறந்து அந்த ஒன்றரைக்காரருக்கு எத்தனை வில்லை என்று பார்த்தான். ஒரு வரிசையே இருந்தது. அவன் எடுத்தது ஒன்றே ஒன்று. இழுப்பறையைச் சத்தம் வராமல் மூடினான். படிப்பு முடிய இன்னும் நாலு வருஷம் ஆகத்தான் போகிறது என்று அந்த இடத்திலேயே புரிந்துபோனது. விசித்திரம் என்னவென்றால், அந்தக் கவலை அவனுக்கு இரண்டாவது கவலையாக இருந்தது.

முதல் கவலை சித்தப்பா. என்ன சொல்வது? எட்டு என்று சொல்லிவிடலாம், பொய்யும் இல்லை. ஆனால் சித்தப்பா ஆற அமரக் கிளட்ச், பிரேக் என்று நடத்திக்கொண்டிருக்கும்போதே இரண்டு வந்து கதவைத் தட்டினால்? இரண்டு என்று சொல்லலாம். அதுவும் பொய் இல்லை. சித்தியை நேராக நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டுச் சித்தப்பா சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, "சித்தப்பா, ரெண்டுலேர்ந்து எட்டுக்குள்ள, இடையிடையே மழைக்கு வாய்ப்பு" என்று சொல்லிப் பார்த்தான். கண்ணாடியே நம்பவில்லை. போன் வந்தபோதெல்லாம் மெஷின் ரிப்பேர் என்றான். மழுப்பி எத்தனை நாள் தள்ள முடியும்? "நான் பிரேக்கைத்தான் மிதிச்சேன் சார்" என்று சத்தியம் செய்பவர்களோடே காலம் தள்ளியவர் சித்தப்பா. பொய்யின் வாடை அவருக்குப் போனிலேயே அடிக்கும்.

"மெஷினை ரிப்பேர் பண்ணியாச்சா?" என்றார் ஒரு சனிக்கிழமை.

"ஆச்சு சித்தப்பா."

"அப்ப நாளைக்குக் காலையில கிரவுண்டுக்கு வந்துடு. நேர்ல சொல்லு. போன்ல வேண்டாம்."

கிரவுண்டு என்பது மூடிக் கிடந்த ஒரு கிடங்குக்குப் பின்னால் இருந்த வெற்றிடம். ஆரஞ்சு நிறக் கூம்புகள் வளைந்து வளைந்து நின்றன. நடுவில் ஸ்கூல் கார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் சித்தி, முதுகுக்கு ஒரு மெத்தை வைத்து, ஓடிப்போய்விடும் என்பதுபோல இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தாள். பக்கத்தில் சித்தப்பா. சட்டை அவர்மேல் காயப்போட்டதுபோலத் தொங்கியது. சீட் பெல்ட் தையலில் உரசாமல் இருக்க, வயிற்றுக்கும் பெல்ட்டுக்கும் நடுவே ஒரு சின்னத் தலையணை. சாவி சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்தது.

ஸ்கோர் பின் சீட்டில் ஏறினான்.

"கதவைச் சாத்துறதைப் பாரு. இவனுக்கும் வராது" என்றார் சித்தப்பா.

"வந்ததும் வராததுமா குழந்தையை வம்புக்கு இழுக்காதீங்க."

"குழந்தையா? காலத்தையே கணிக்கிற ஆளு. ம், சொல்லுடா. வந்துச்சா?"

"வந்துச்சு சித்தப்பா. ஒண்ணு இல்ல. மூணு மார்க் வந்துச்சு. கட்டியோட ஒரு பக்கம் பார்த்தா ரெண்டு. இன்னொரு பக்கம் எட்டு. வேற ஒரு இடத்துல அஞ்சு."

கிரவுண்டில் ஒரு காக்கை கூம்பின்மேல் உட்காரப் பார்த்து வழுக்கிப் போனது.

"இதுல எது நான்?"

"எல்லாமே நீங்கதான்."

"எதை வச்சு முடிவு பண்றது?"

"முடிவு பண்ண முடியாது. நூறு பேரைச் சேர்த்து வச்சுப் பார்த்தா ஏதோ சொல்லலாம். ஒரே ஒருத்தரைப் பார்த்து ஒண்ணும் சொல்ல முடியாது."

"இதைக் கண்டுபிடிக்கத்தான் நாலு வருஷம் படிச்சியா?"

"ஆமா. இன்னும் நாலு வருஷம் படிக்கணும்."

சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், ஸ்டியரிங்கே குலுங்கியது. சித்தப்பாவும் சிரிக்கப் போய், தையல் இழுக்க, தலையணையை அமுக்கிக்கொண்டார். மூன்று பேரும் கொஞ்ச நேரம் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு நேரத்தில் நின்றது. சித்தப்பாவிடம் கடைசியில்.

"சரி, கம்ப்யூட்டரை விடு." அவர் திரும்பவில்லை. கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே பேசினார். "நீ எத்தனை பேரோடதைப் பார்த்திருக்கே. உனக்குன்னு ஒண்ணு மனசுல தோணும்ல? அதைச் சொல்லு. எனக்கு எவ்வளவு நாள்டா?"

பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் சித்தியின் கண்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. என்ன சொல்லவேண்டும் என்றும் அந்தக் கண்கள் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை.

சித்தப்பாவின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டு எதையும் சொல்ல ஸ்கோருக்கு வாய் வரவில்லை. கதவைத் திறந்து இறங்கினான். காரைச் சுற்றிக்கொண்டு அவர் பக்கத்து ஜன்னலுக்கு வந்தான். நின்றால் அவர் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. உட்கார எதுவும் இல்லை. ஒரு கூம்பைப் பார்த்தான். அது உட்காரத் தோதான பொருள் இல்லை. மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். இப்போது இரண்டு பேர் முகமும் ஒரே உயரத்தில் இருந்தன. மிக அருகில் சித்தப்பாவின் கண். மஞ்சள் போய் வெள்ளையாகியிருந்தது.

"நாளைக்கு என்ன வேலை வச்சிருக்கீங்க சித்தப்பா?"

சித்தப்பா அவனை ஒரு மாதிரிப் பார்த்தார். இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்கிற பார்வை.

"நாளைக்கா? நாளைக்கு மருந்து ஏத்துறாங்க. காலையில போனா சாயங்காலம் ஆயிடும். வந்து படுத்துடுவேன்."

"யார் கூட வர்றாங்க?"

"வேற யாரு, இவதான். டாக்ஸியில."

"நாளன்னைக்கு?"

"நாளன்னைக்கு வாந்தி வரும்னாங்க. அதுக்கு அடுத்த நாள் தேறிடுமாம்." கொஞ்சம் யோசித்தார். ஜன்னலிலிருந்து திரும்பிச் சித்தியைப் பார்த்தார். "ஏம்மா, புதன்கிழமை காலையில உனக்கு வேலை ஏதாவது இருக்கா?"

"எனக்கென்ன வேலை? இல்ல."

"வெள்ளிக்கிழமை?"

"இல்ல."

"அப்ப இன்னைக்குக் கிளட்ச் மட்டும்" என்றார் சித்தப்பா. "ரோடு கீடுன்னு பேசக் கூடாது. கிளட்ச் மட்டும்தான். அது காலுக்குப் பழகின பிறகுதான் மத்ததெல்லாம்." சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். சித்தி உடனே வாங்கவில்லை. சேலையில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு, பிறகு வாங்கினாள்.

என்ஜின் உறுமியது.

"இடது கால். அது வலது. இடதுன்னா அந்தப் பக்கம்மா. ம். அப்படியே விடு, மெதுவா, மெதுவா..."

கார் ஒரு முறை முன்னால் குதித்து நின்றுபோனது.

"பரவாயில்ல. மறுபடி போடு."

ஸ்கோர் எழுந்து முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, காருக்கு முன்னால் இருந்த கூம்புகளை ஒவ்வொன்றாகத் தூக்கித் தூரத் தள்ளி வைக்கப் போனான்.